பிறந்த குழந்தைக்கும் மலேரியா மருந்து வந்தாச்சு.. ஆனா செம்பாக்கம் தாய்மார்கள் கவனிக்க வேண்டியது வேற!

பிறந்து சில நாளே ஆன குழந்தைக்கு மலேரியா வருமா? வரும். கொசு கடிக்காமலேயே கூட வரும்.

2025 ஜூலையில் சுவிட்சர்லாந்தின் மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான சுவிஸ்மெடிக், 'கோஆர்டெம் பேபி' என்ற மருந்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 5 கிலோவுக்கும் குறைவான எடை கொண்ட பச்சிளம் குழந்தைகளுக்கென்றே வந்த முதல் மலேரியா மருந்து இது. தாய்ப்பாலில் கூட கரைத்துக் கொடுக்கலாம். அதுவரை பெரிய குழந்தைகளுக்கான மருந்தைத்தான் இவர்களுக்கும் கொடுத்து வந்தார்கள். ஈரல் முழுசா முதிராத குழந்தைக்கு டோஸ் கூடினால் ஆபத்து என்று தெரிந்தும் வேறு வழியில்லை.

ஆனால் இந்த மருந்தின் முக்கிய இலக்கு ஆப்பிரிக்காவில் உயிர்களைப் பறிக்கும் ஃபால்சிபாரம் வகை. சென்னை, தாம்பரம் பக்கம் காலங்காலமாக அதிகம் காணப்படுவது வைவாக்ஸ் வகை. இங்கேதான் கதை மாறுது.

தாயிடமிருந்து எப்படி?

கர்ப்பிணியின் ரத்தத்தில் கிருமி இருந்தால், நஞ்சுக்கொடி வழியாகவோ பிரசவ நேரத்திலோ அது குழந்தைக்குப் போகலாம். அடிக்கடி நடப்பதில்லை, அரிதுதான்.

வைவாக்ஸுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. காய்ச்சல் சரியான பிறகும் ஈரலில் தூங்கிக்கொண்டே இருக்கும், மாதங்கள் கழித்து மறுபடி எழும். குளோரோகுயின் மாத்திரை ரத்தத்தில் இருக்கும் கிருமியைத்தான் கொல்லும். ஈரலில் தூங்குவதைக் கொல்ல பிரைமாகுயின் வேண்டும். அதைக் கர்ப்பிணிக்குக் கொடுக்கக் கூடாது. வயிற்றில் இருக்கும் குழந்தையின் ரத்த அணுக்கள் உடையும் அபாயம் இருக்கு. ஆக, நாலாம் மாசத்தில் மலேரியா வந்து குணமான பெண்ணுக்கு எட்டாம் மாசத்தில் திரும்ப வரலாம். அது அவர் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாததால் வந்தது அல்ல.

குழந்தை விஷயத்தில் ஒரு ஆறுதல். தாயிடமிருந்து வருவது ரத்தத்தில் இருக்கும் கிருமி மட்டுமே; குழந்தையின் ஈரலில் அது தூங்குவதில்லை. அதனால் குழந்தைக்கு பிரைமாகுயின் தேவைப்படாது. கண்டுபிடித்துவிட்டால் குணப்படுத்தலாம்.

கண்டுபிடிப்பதுதான் சிக்கல்

காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, வெளிறிப்போவது, மஞ்சள் காமாலை, வீங்கிய வயிறு. பச்சிளம் குழந்தைக்கு இதெல்லாம் இருந்தால் டாக்டர்கள் முதலில் சந்தேகப்படுவது ரத்தத்தில் பரவும் கிருமித்தொற்றை. அது சரியான சந்தேகமும்கூட. ஆன்டிபயாடிக் ஆரம்பிப்பார்கள். மலேரியாவாக இருந்தால் அதில் காய்ச்சல் இறங்காது. அறிகுறிகள் பெரும்பாலும் பிறந்து ரெண்டு, மூணு வாரம் கழித்தே தெரியும் என்பதால், 'பிறக்கும்போது நல்லாத்தானே இருந்துச்சு' என்ற குழப்பமும் சேர்ந்துகொள்ளும்.

முன்பு மலேரியா அதிகமாக இருந்தபோது, காய்ச்சல் என்றாலே சென்னையில் ரத்தப் பூச்சுப் பரிசோதனை எடுப்பார்கள். இப்போது பாதிப்பு குறைந்துவிட்டது. நல்ல செய்திதான், ஆனால் குறையக் குறைய அந்தச் சந்தேகமும் குறையும். ஒரு சொட்டு ரத்தத்தில் தெரிந்துவிடக்கூடிய நோய் தாமதமாகத் தெரிவதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

நம்ம ஊர் வழக்கத்திலும் ஒரு ஓட்டை இருக்கு. செம்பாக்கத்தில் இருக்கும்போது காய்ச்சல் வந்து சிகிச்சை எடுத்த பெண், பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போவார். அங்கே இருக்கும் டாக்டருக்குப் பழைய காய்ச்சல் தெரியாது. அதனால் தாய்சேய் நல அட்டையில் மலேரியா வந்த மாதத்தை எழுதி வாங்கிக்கொள்வதும், ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கூடவே எடுத்துப்போவதும் அவசியம். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியதே இதைத்தான்.

கொசு எங்கே இருக்கு?

நகரத்து மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் ஸ்டீபன்சி கொசு சாக்கடையைத் தேடுவதில்லை, சுத்தமான தண்ணீரைத்தான் தேடும். 2021ல் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்த செம்பாக்கம் மாதிரி புறநகரில் அதற்குக் குறைவே இல்லை: கிணறு, சம்ப், மூடி சரியில்லாத மொட்டை மாடித் தொட்டி, கட்டுமான இடத்தில் தேங்கும் தண்ணீர். 'வெளியூர்க்காரங்க கொண்டு வர்றாங்க' என்ற பேச்சு அடிக்கடி கேட்கும். கிருமி எங்கிருந்து வந்தாலும் அதைப் பரப்ப இங்கே ஒரு கொசு வேண்டும். இலங்கை 2016ல் மலேரியா இல்லாத நாடு என்ற சான்றைப் பெற்றுவிட்டது, இந்தியாவின் இலக்கு 2030.

முட்டை கொசுவாக மாற ஒரு வாரம், பத்து நாள் போதும். தொட்டியை வாரம் ஒருமுறை காலி செய்து தேய்த்துக் கழுவச் சொல்வது அதனால்தான்.