ஒன்று ஏன் பகா எண் அன்று?

‘1 பகா எண்ணும் அன்று, பகு எண்ணும் அன்று’ என்று நீங்கள் படித்திருப்பீர்கள். ‘மிகச் சிறிய பகா எண் எது?’ என்ற வினாவுக்கு ‘2’ என்று எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருப்பீர்கள். ஆனால் 1 ஏன் பகா எண் அன்று என்று உங்களில் எத்தனை பேர் கேட்டீர்கள்?

‘1-ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண் பகா எண்’ என்பது பலரும் மனப்பாடம் செய்த இலக்கணம். இதன்படி 1-உம் தேறிவிடுகிறதே! ‘இல்லை, பகா எண்ணுக்குச் சரியாக இரண்டு காரணிகள் வேண்டும், 1-க்கு இருப்பது ஒன்றுதான்’ என்பார்கள். சரி, ஏன் இரண்டு வேண்டும்? 1-ஐ வெளியே நிறுத்துவதற்காக வகுத்த விதியையே காரணமாகக் காட்டுவது விளக்கம் ஆகாது.

உண்மையான காரணத்தைப் பார்ப்போம். 12-ஐப் பகாக் காரணிகளாகப் பிரியுங்கள். 3 × 4 என்று தொடங்கினாலும், 2 × 6 என்று தொடங்கினாலும், முடிவில் கிடைப்பது 2 × 2 × 3 தான். எந்தப் பகு எண்ணையும் ஒரே ஒரு வகையில்தான் இப்படிப் பிரிக்க முடியும். வரிசை மட்டும் மாறலாம். இதற்கு எண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம் என்று பெயர். ஜெர்மன் கணித மேதை காஸ் 1801-இல் வெளியிட்ட நூலில் இதைத் தெளிவாக நிறுவினார்.

இப்போது 1-ஐயும் பகா எண் என்று ஏற்றுக்கொள்வோம். 12 = 1 × 2 × 2 × 3; 12 = 1 × 1 × 2 × 2 × 3; இப்படி முடிவே இல்லை! ‘ஒரே வகை’ என்ற அருமையான பண்பு போய்விடுகிறது. எரடோஸ்தனிஸ் சல்லடையும் அப்படித்தான். 2-ஐ வைத்துக்கொண்டு அதன் மற்ற மடங்குகளை அடிக்கிறோம். பிறகு 3-இன் மடங்குகளை. 1-இலிருந்து தொடங்கினால் என்ன ஆகும்? எல்லா எண்களும் அடிபட்டு 1 மட்டுமே மிஞ்சும்.

ஆனால் எல்லாக் காலத்திலும் இப்படியே கருதப்படவில்லை. பண்டைக் கிரேக்கர் பலர் 1-ஐ எண் என்றே கொள்ளவில்லை. எண்களை ஆக்கும் அலகு என்றே கருதினர். 1742-இல் ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில் கோல்ட்பாக் 1-ஐப் பகா எண்ணாகக் கொண்டார். அமெரிக்கரான டி. என். லெமர் 1914-இல் வெளியிட்ட பகா எண் பட்டியலின் முதல் எண்ணே 1 தான்! இவர்கள் கணிதம் அறியாதவர்கள் அல்லர். 1-ஐச் சேர்த்துக்கொண்டால் தேற்றம் தோறும் ‘1 நீங்கலாக’ என்று எழுதவேண்டி வருகிறது. அதனால் வழக்கம் மாறியது.

இதிலிருந்து நான் சொல்ல விரும்புவது இதுதான். கணிதப் புத்தகத்தில் இரண்டு வகை வாக்கியங்கள் உண்டு. ‘2 × 2 = 4’ என்பது யாரும் மாற்ற முடியாத உண்மை. ‘1 பகா எண் அன்று’ என்பது பயன் கருதி மனிதர் செய்துகொண்ட ஏற்பாடு. முதல் வகையைக் கண்டால் ‘எப்படி நிறுவுவது?’ என்று கேளுங்கள். இரண்டாம் வகையைக் கண்டால் ‘இதனால் என்ன பயன்?’ என்று கேளுங்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டு உருப்போடுவதால்தான் கணிதம் பலருக்குக் கசக்கிறது.

‘சிறு வகுப்பில் இதற்கெல்லாம் நேரம் ஏது?’ என்று சிலர் கேட்கலாம். 12-ஐப் பிரித்துக் காட்ட ஐந்து நிமிடம் போதாதா? தேர்விலும் ‘1 பகா எண்ணா?’ என்பதோடு நிறுத்தாமல் ‘ஏன்?’ என்ற ஒரு சொல்லையும் சேர்க்கலாமே!

இனி உங்களுக்கு ஒரு வேலை. 0 இரட்டை எண்ணா, ஒற்றை எண்ணா? விடையோடு நின்றுவிடாமல் காரணத்தையும் கண்டுபிடியுங்கள்.