சலுகையை ஏற்பதும் வணக்கமே



சென்ற ஆண்டு, எனது 44ஆம் வயதில், என் இதயத்தின் மைட்ரல் வால்வை அகற்றிவிட்டு அவ்விடத்தில் செயற்கை வால்வு ஒன்றைப் பொருத்தினார்கள். அல்லாஹ்வின் பேரருளால் இன்று நடக்கிறேன், உழைக்கிறேன், ஜமாஅத் தொழுகைக்குச் செல்கிறேன். அல்ஹம்துலில்லாஹ்.

அறுவை சிகிச்சையைப் பற்றி நம் குடும்பங்களில் நிறையப் பேசுகிறோம். எந்த மருத்துவமனை, எந்த மருத்துவர், எவ்வளவு செலவு என்றெல்லாம் விசாரிக்கிறோம். ஆனால் அதன் பின்னே வரும் முதல் பத்துப் பன்னிரண்டு நாட்களைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அந்நாட்களில் நோயாளியும் வீட்டாரும் உறவினரும், மார்க்கப் பற்றினாலும் பாசத்தினாலுமே சில தவறுகளைச் செய்துவிடுகிறோம். நானும் செய்தேன். அவற்றை மறைக்காமல் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிறுவயதில் எனக்குத் தொண்டை வலியும், அதைத் தொடர்ந்து மூட்டு வீக்கமும் காய்ச்சலும் வந்தன. அது வாதக் காய்ச்சல். தொண்டையில் தொற்றும் ஒருவகைக் கிருமியை எதிர்க்க உடல் எழுப்பும் படையே இதய வால்வுகளையும் தாக்கிவிடும் நோய் அது. மூன்று வாரங்களுக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போடச் சொன்னார்கள். உடல் நன்றாக இருக்கிறதே என்று நானே ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டேன். பல ஆண்டுகளுக்குப் பின்னர், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியபோதுதான் வால்வு தடித்துச் சுருங்கிவிட்டது தெரிந்தது. பிள்ளைகளின் தொண்டை வலியையும் மூட்டு வலியையும் 'வளரும் வயது' என்று தள்ளிவிடும் பெற்றோர் இதை நினைவில் வைக்க வேண்டுகிறேன்.

அறுவைக்குப் பின் கண் விழித்தபோது தொண்டைக்குள் குழாய் இருந்தது. பேச இயலாது. நெஞ்சிலிருந்து இரத்தக் கசிவை வெளியேற்றும் குழாய்கள், கழுத்திலும் கையிலும் ஊசிகள், சிறுநீருக்கு ஒரு குழாய். மூச்சுக் குழாயை எடுத்த பின்னரும் இரண்டு இரவுகள் என் மனம் என் வசத்தில் இல்லை. சுவரில் யாரோ நடப்பதாகத் தோன்றியது. என் மனைவியையே 'யார் நீங்கள்?' என்று கேட்டேனாம். 'ஏதோ பட்டுவிட்டது, ஓதிப் பார்க்க வேண்டும்' என்று உறவில் ஒருவர் சொல்ல, உம்மா அழுதுவிட்டார்கள்.

இது பெரிய அறுவை சிகிச்சைக்குப் பின் பலருக்கும் நேரும் மனக் குழப்பம். மயக்க மருந்து, தூக்கமின்மை, வலி, இரவும் பகலும் எரியும் விளக்கு எல்லாம் சேர்ந்து இதை உண்டாக்குகின்றன. பெரும்பாலும் சில நாட்களில் தெளிந்துவிடும். நோயாளியின் மூக்குக் கண்ணாடியைத் திரும்பக் கொடுப்பதும், இன்ன கிழமை, இன்ன நேரம் என்று நிதானமாகச் சொல்வதும், பழகிய குரலில் பேசுவதும், செவிலியரிடம் உடனே தெரிவிப்பதும் பயன் தரும். குர்ஆன் ஓதுவது நல்லதே. மெல்லிய குரலில் ஓதட்டும், அவர் மனம் அமைதி பெறட்டும். ஆனால் ஜின் என்று முடிவுகட்டி நோயாளியையும் வீட்டாரையும் அச்சுறுத்துவது அநீதி.

இனி என் தவறுக்கு வருகிறேன்.

நெஞ்செலும்பை நெடுக்காக அறுத்தே இதயத்தை அணுகுகிறார்கள். பின்னர் உலோகக் கம்பிகளால் அதை இறுக்கிக் கட்டுகிறார்கள். அந்த எலும்பு கூடிச் சேர ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். அதுவரை பளு தூக்கக் கூடாது, கைகளை ஊன்றி எழக் கூடாது. இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். படுக்கையிலிருந்து எழும்போது பக்கவாட்டில் புரண்டு, கால்களைத் தொங்கவிட்டு எழ வேண்டும். இவை அனைத்தையும் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

ஆறாம் நாள், தனி அறைக்கு மாற்றிய பின், என்னைப் பார்க்க வந்த பெரியவர் ஒருவர் நான் நாற்காலியில் அமர்ந்து தொழுவதைக் கண்டார். 'கால் நன்றாகத்தானே இருக்கிறது, ஸஜ்தாவை ஏன் விடுகிறாய்?' என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் என் மீது அன்பு கொண்டவர்தாம். ஆனால் அந்தச் சொல் என்னைக் குத்தியது. அன்று இரவு, மனைவி உறங்கிய பின் தரையில் துணி விரித்து இஷாத் தொழுதேன். முதல் ஸஜ்தாவிலிருந்து கைகளை ஊன்றி எழும்போது நெஞ்சுக்குள் 'களுக்' என்று ஏதோ நகர்ந்தது. எழவும் முடியவில்லை, குனியவும் முடியவில்லை. வியர்த்துக் கொட்டியது. ஓசை கேட்டு விழித்த மனைவிதான் ஆட்களை அழைத்தாள்.

மறுநாள் படம் எடுத்துப் பார்த்தார்கள். கம்பிகள் அறுபடவில்லை, எலும்பு விலகவில்லை. அல்லாஹ் காப்பாற்றினான். எலும்பு விலகியிருந்தால் மீண்டும் நெஞ்சைத் திறக்க வேண்டியிருக்கும் என்றும், உள்ளே கிருமி புகுந்தால் உயிருக்கே ஆபத்து என்றும் மருத்துவர் சொன்னபோது நான் தலை குனிந்தேன்.

அன்று மாலை எங்கள் ஊர் ஆலிம் ஒருவர் வந்தார். ஐந்து நிமிடமே இருந்தார். இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) மூலநோயால் வருந்தியபோது, நின்று தொழ வேண்டும், இயலாவிட்டால் அமர்ந்து, அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்துத் தொழலாம் என்று நபி (ஸல்) அவர்கள் வழி காட்டியதை எடுத்துரைத்தார். ருகூவுக்கும் ஸஜ்தாவுக்கும் சைகை செய்து, ஸஜ்தாவுக்குச் சற்று அதிகமாகத் தலை தாழ்த்தினால் போதும் என்றார். பின்னர் ஒன்று சொன்னார். "சலுகை தந்தவனும் அவனே, கடமையாக்கியவனும் அவனே. ஒன்றை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டு மற்றொன்றைத் திருப்பிக் கொடுப்பது பணிவாகுமா?" துஆச் செய்துவிட்டுப் புறப்பட்டார்.

அந்தச் சொல்லே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. ருக்ஸத் என்னும் சலுகையை நாம் ஈமான் குறைந்தவருக்கான இடமாகக் கருதுகிறோம். நோயாளிகள் நோன்பைப் பிற்பாடு நோற்கலாம் என்று குர்ஆனே கூறுகிறது. ஒருவர் நலமாயிருந்தபோது வழமையாகச் செய்த அமல்களின் நன்மை, நோயுற்றபோதும் அவருக்கு எழுதப்படுகிறது என்று ஸஹீஹுல் புகாரியில் உள்ள நபிமொழி நற்செய்தி தருகிறது. இவ்வளவு இருந்தும் நாற்காலியில் தொழுபவரைக் குற்றவாளியைப் போல் பார்ப்பது ஏன்?

என் ஆலோசனை இதுதான். அறுவைக்கு முன்பே ஓர் ஆலிமிடம் சென்று, உளூ, தயம்மும், கையில் ஊசி ஒட்டியிருக்கும்போது தண்ணீர் படாமல் என்ன செய்வது, சிறுநீர்க் குழாய் இருக்கும்போது தொழுவது எப்படி, மயக்கத்தில் தவறிய தொழுகைகளுக்கு என்ன சட்டம் என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மத்ஹபுகளுக்கிடையே சில விவரங்கள் வேறுபடும். வலியோடு படுத்திருக்கும்போது வருவோர் போவோரெல்லாம் தீர்ப்புச் சொல்ல இடம் கொடுக்கக் கூடாது.

அடுத்தது, நலம் விசாரிக்க வருதல். நோயாளியைச் சந்திப்பது ஒரு முஸ்லிமுக்கு மற்றொரு முஸ்லிம் செய்ய வேண்டிய கடமைகளில் ஒன்று. அதில் ஐயமில்லை. ஆனால் அது நோயாளியின் உரிமை, வருபவரின் வசதிக்குரியதன்று. நான் வீடு திரும்பிய முதல் நாளே முப்பது பேருக்கு மேல் வந்தார்கள். ஸலாம் சொல்லி ஆரத் தழுவ முனைந்தார்கள். அறுத்த நெஞ்சுக்கு அது எவ்வளவு வேதனை என்று அவர்கள் அறியவில்லை. ஒருவர் இருமிக்கொண்டே அருகில் அமர்ந்தார். புதிய வால்வில் கிருமி தொற்றினால் அதைத் தீர்ப்பது மிகக் கடினம். 'எந்தப் பிராணியின் வால்வை வைத்தார்கள்?' என்று வேறொருவர் கேட்டார். எனக்கு வைத்தது கார்பனும் உலோகமும் கொண்டது என்று ஒவ்வொருவருக்கும் விளக்கிச் சோர்ந்தேன். அடுக்களையில் என் மனைவி தேநீர் போட்டுக்கொண்டே இருந்தாள். பல இரவுகள் மருத்துவமனையில் கண் விழித்தவளுக்கு அன்றும் உறக்கமில்லை.

ஆகவே முதல் இரண்டு வாரங்கள் தொலைபேசியில் வீட்டாரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். சளி, காய்ச்சல் இருந்தால் வர வேண்டாம், துஆவே போதும். கைகளைக் கழுவுங்கள், தழுவாதீர்கள், ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடுங்கள். உண்மையில் உதவ விரும்பினால் ஒரு வேளைச் சோறு சமைத்து அனுப்புங்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். இரத்தப் பரிசோதனைக்கு வண்டி கொண்டு வாருங்கள். என் மச்சான் ஒரு நாளும் என் கட்டிலருகே வந்து அமரவில்லை. ஆனால் பத்து நாட்களும் மருந்துக் கடைக்கும் மளிகைக் கடைக்கும் அவரே அலைந்தார். என்னை மெய்யாக நலம் விசாரித்தவர் அவரே என்பேன்.

மூன்றாவது, மருந்தும் உணவும். உலோக வால்வு பொருத்தியவர் இரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரையை வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டும். வார்ஃபரின், அசிட்ரோம் போன்றவை அவை. அளவு குறைந்தால் வால்வில் இரத்தம் உறைந்து வால்வு அடைபடலாம், பக்கவாதமும் வரலாம். கூடினால் இரத்தப் போக்கு ஏற்படும். ஐ.என்.ஆர் என்னும் பரிசோதனையால் அளவைச் சரிபார்க்கிறார்கள். மாத்திரை உண்ணாதவருக்கு அது ஏறத்தாழ 1 இருக்கும். மைட்ரல் இடத்தில் உலோக வால்வு உள்ளவருக்குப் பொதுவாக 2.5 முதல் 3.5 வரை வைத்திருக்க விரும்புவார்கள்.

இந்த நிலையில், பாசத்தோடு வரும் கைமருந்துகள் அபாயமாகக்கூடும். 'இரத்தம் ஊற வேண்டும்' என்று தினமும் முருங்கைக் கீரையை அள்ளிக் கொடுத்தால் மாத்திரையின் வேலை குறைந்துவிடும். கீரையை அறவே விட வேண்டியதில்லை. வாரந்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் உண்டால் போதும். பூண்டு லேகியம், மூலிகைப் பொடி எதுவானாலும் மருத்துவரிடம் சொல்லாமல் தொடக் கூடாது. ஹிஜாமா செய்துகொள்ளச் சொன்னார் ஒருவர். இரத்தம் உறையா மருந்து உண்பவரின் தோலைக் கீறுவது எத்தகைய ஆபத்து! முதல் நாட்களில் குடிக்கும் நீரைக்கூட அளந்தே தருவார்கள். ஸம்ஸம் நீர் கொண்டு வருவோர், அந்த அளவுக்குள் ஒரு மிடறு கொடுத்தால் போதும். பரக்கத் அளவில் இல்லை.

கடைசியாக, மனம். இரண்டாம் வாரத்தில் காரணமின்றி அழுகை வந்தது. பசியில்லை, தூக்கமில்லை. 'உயிர் பிழைத்தவன் நன்றி செலுத்தாமல் அழுகிறேனே, ஈமான் போய்விட்டதோ' என்று அஞ்சினேன். இதய அறுவை முடிந்த பலருக்கும் இந்தச் சோர்வு வருவதாகவும், வாரங்கள் செல்லச் செல்லத் தணியும் என்றும், தணியாவிட்டால் அதற்கும் சிகிச்சை உண்டு என்றும் மருத்துவர் விளக்கினார். 'பொறுமையாக இருங்கள்' என்று உபதேசிப்பதைக் காட்டிலும், 'அழுகை வந்தால் அழுங்கள், நான் இருக்கிறேன்' என்று சொல்லும் ஒருவர் அப்போது தேவைப்படுகிறார். யஃகூப் நபி (அலை) அவர்கள் மகனைப் பிரிந்து அழுதழுது பார்வையை இழந்தார்கள். அவர்களுடைய பொறுமையை யாரும் குறைத்து மதிப்பிடுவதில்லை.

இரவின் அமைதியில் என் வால்வு மூடித் திறக்கும் 'டிக்' ஓசை இன்றும் எனக்குக் கேட்கிறது. முதல் வாரத்தில் அது அச்சமூட்டியது. இப்போது அது நின்றுவிடாமல் இருப்பதற்காக நன்றி சொல்கிறேன். பன்னிரண்டு வாரங்களுக்குப் பின் மருத்துவர் அனுமதி தந்த அன்று, பள்ளிவாசலில் பஜ்ர் தொழுகையில் தரையில் நெற்றி பதித்தேன். நாற்காலியில் சைகையால் செய்த ஸஜ்தாக்களுக்கும் அந்த ஸஜ்தாவுக்கும் அல்லாஹ்விடம் வேறுபாடு இராது என்றே நம்புகிறேன்.

நம் வீடுகளில் நோயுற்றிருப்போருக்கு அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக! அவர்களுக்கு இலகுவாக்கிக் கொடுப்பவர்களாக நம்மை ஆக்குவானாக! ஆமீன்.