விராலுக்கு என்ன ‘டிசைன்’ பிடிக்கும்?



பட்டுச்சேலை எடுக்க காஞ்சிபுரம் வர்றவங்க கடைக்காரரைப் படுத்துற பாடு தெரியும்ல? ‘அந்த மாம்பழ மஞ்சள்... ம்ஹூம், அதுக்கு மேல இருக்கிற மயில் கழுத்து...’னு மலை மாதிரி குவிக்க வெச்சிட்டு, கடைசியில முதல் சேலைக்கே வருவாங்க. நானும் அப்படி ஒரு கடையில அரை மணி நேரம் நின்னேன் பாஸ். ஆனா, அது தூண்டில் கடை!

அமெரிக்கா, கனடா ஏரிகள்ல ‘மஸ்கி’னு ஒரு மீன். ‘பத்தாயிரம் வீச்சு மீன்’னே அதுக்குப் பட்டப்பேர். ஒரு கடி கிடைக்க அவ்வளவு தடவை வீசணுமாம்! எந்த ‘கிராங்க்பெய்ட்’ வாங்குறதுங்கிறது அதைப் பிடிக்கிறவங்களோட தீராத தலைவலி. நம்ம ஏரியில மஸ்கி கிடையாது. ஆனா, அதே மாதிரி பதுங்கிப் பாயுற தாதா ஒருத்தர் இருக்கார்... விரால்!

கிராங்க்பெய்ட்னா வேற ஒண்ணுமில்ல. மரத்துலயோ பிளாஸ்டிக்லயோ செஞ்ச பொம்மை மீன். வாய்க்குக் கீழ நாக்கு மாதிரி ஒரு தகடு. ரீலைச் சுத்தி இழுத்தா, எதிர்க்கிற தண்ணி அந்தத் தகட்டை அமுக்கி மீனைத் தலைகுப்புற இறக்கும். உடம்பு இடம் வலம்னு ஆடும். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல அரியர் வெச்சிருக்கிற என் ஃப்ரெண்டுக்கே இதைப் பார்த்ததும் பாடம் புரிஞ்சிடுச்சுன்னா பார்த்துக்கோங்க!

தகடு குட்டையா, செங்குத்தா இருந்தா ரெண்டு, மூணு அடி ஆழம்தான் போகும். நீளமா, முன்னாடி நீட்டிட்டு இருந்தா பத்தடிக்கும் கீழ பாயும். தகடே இல்லாத வகையும் உண்டு. அது பெரும்பாலும் மூழ்கும் ரகம். வயித்துக்குள்ள குண்டுமணி கலகலனு ஆடும். கலங்கின தண்ணியில கண்ணு தெரியாத மீனுக்கும் அந்த அதிர்வு போய்ச் சேர்ந்துடும். அதுக்குத்தான் மீனோட உடம்பு நெடுக ஒரு உணர்வுக்கோடு இருக்கே!

சரி, நான் எதை வாங்கினேன்? இருக்கிறதுலயே பளபளப்பானதை. நீள நாக்கு. ஒரு மாச டீக்காசு காலி! மூணாவது வீச்சுலயே ஏரிக்குள்ள நின்ன கருவேல மரத்தோட வேர்ல மாட்டுச்சு. இழுத்தேன். நூல் மட்டும் திரும்பி வந்துச்சு.

பக்கத்துல உட்கார்ந்து பார்த்துட்டு இருந்தார் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் மாமா. மழை நாள்ல குழித்தறிக்குள்ள ஈரம் ஏறினா தறி நிக்கும். தறி நின்னா கூலியும் நிக்கும். அப்போ அவர் கிளம்பி ஏரிக்கு வந்துடுவார். “தம்பி, இங்க முட்டியளவு தண்ணி. நீ கிணத்துல போடுறதை வாங்கியாந்துட்டியே”ன்னார்.

அவர் கையில இருந்தது ஒரு தவளை. தேய்ஞ்சுபோன ரப்பர் செருப்பை அறுத்துச் செஞ்சது. பின்னங்காலுக்குப் பதிலா அறுந்த சரிகை நூல். முள் ரெண்டும் மேல் பார்த்து முதுகோட ஒட்டிக்கிடக்கு. அல்லி இலை, ஆகாயத்தாமரை எது மேல இழுத்தாலும் சிக்கலை. 1936-ல ஃபின்லாந்து மீனவர் லாரி ராப்பாலா இப்படித்தான் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுத்தின தாளை ஒட்டி முதல் பொம்மை மீனைச் செஞ்சார். அங்க சாக்லேட் தாள், இங்க காஞ்சிபுரம் சரிகை!

ஸோ, கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஏரிக்குப் போங்க. செடி மூடிக்கிடக்கா? தவளைதான். விரால் மூச்சு விட அடிக்கடி மேல வர்ற மீன். தலைக்கு மேல தவளை துள்ளினா சும்மா விடாது. அது கவ்வினதும் வெட்டி இழுக்காதீங்க. ‘ஒண்ணு, ரெண்டு’ எண்ணுங்க, அப்புறம் இழுங்க. செடி இல்லாத ஆழமில்லாத தண்ணியா? குட்டை நாக்கு. வேர்ல தட்டினா சுத்துறதை நிறுத்துங்க, மிதக்கிற ரகம்னா தானா மேல வந்துடும். மதகு ஓரம், கிணறு, கல்குட்டைனா மட்டும் நீள நாக்கு. கலங்கல் தண்ணிக்குக் குண்டுமணி. முக்கியமா, ஏரியில மீன் குத்தகை எடுத்தவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வீசுங்க.

இனிமேதான் மேட்டரே!

அன்னிக்கு மதகுப் பக்கம் தண்ணி கொதிக்கிற மாதிரி ஒரு இடம். உத்துப் பார்த்தா, செக்கச்செவேல்னு நூத்துக்கணக்குல விரால் குஞ்சு. கீழ தாயும் தகப்பனும் காவல். அந்த நேரத்துல நடுவுல எதைப் போட்டாலும் பாயும். பசியில இல்லை, குஞ்சைக் காப்பாத்துற ஆத்திரத்துல. நாக்கு நீளம், கலர், குண்டுமணி எதுவும் பார்க்காது. பத்தாயிரம் வீச்செல்லாம் வேணாம், ஒரே வீச்சு!

“மாமா, போடுங்க!”ன்னு குதிச்சேன். அவர் தவளையைச் சுருட்டிப் பையில போட்டார். “பெருசைத் தூக்கினா, இந்தக் குஞ்சுங்களை மத்த மீனுங்க ஒரு மணி நேரத்துல முடிச்சிடும். அடுத்த வருஷம் நான் இங்க எதுக்கு வர்றது?” அவ்வளவுதான். வெறும் பையோட சைக்கிளை மிதிச்சிட்டுப் போயிட்டார்.

நாலு நாளா தறி ஓடாத வீடு அது. விரால் என்ன விலை விக்கும்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அவருக்கு நல்லாவே தெரியும்.

எந்த இரையை எப்போ போடணும்னு கடைக்காரர்கூட சொல்லிடுவார் ஃப்ரெண்ட்ஸ். எப்போ போடக் கூடாதுங்கிறது மட்டும் எந்த டப்பா மேலயும் எழுதியிருக்காது.

அடுத்த மழைக்கு நானும் ஏரிக்கரைக்குப் போவேன். பழைய செருப்பு ஒண்ணு இப்பவே எடுத்து வெச்சாச்சு. சரிகை மட்டும் மாமாகிட்ட கேட்கணும்!