துளையில் குற்றம், சொல்லில் குற்றம்!

நாகசுரம் என்பதா, நாதசுரம் என்பதா என்று நமது பண்டிதர்கள் போடும் சண்டை இன்னும் ஓய்ந்தபாடில்லை. அது முடிவதற்குள் குழலைக் கையிலெடுத்து, இந்தத் துளை மயிரிழை கோணல், இவ்விடத்தில் உளி பட்ட தழும்பு என்று சிலர் குற்றப்பத்திரிகை வாசிக்கவும் ஆரம்பித்து விடுகின்றார்கள்.

தோழர்களே! தஞ்சை ஜில்லா நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து கைவேலையாய்ச் செய்யப்படுவது அக்குழல். 2022ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. விரல் வைப்பதற்கு 7 துளைகள்; அவற்றிற்குக் கீழே 5 துளைகள். இந்த 5ம் எதற்கு? வேண்டியபடி மெழுகால் அடைத்து நாதத்தைச் சரிசெய்து கொள்ளத்தான். மிச்சத்தை வாசிப்பவருடைய மூச்சும் உதடும் சரிக்கட்டிக் கொள்ளும். கைவேலையில் சிறு பேதம் இருக்குமென்பது தொழிலாளிக்குத் தெரியும். அதற்குப் பரிகாரமும் அக்குழலிலேயே இருக்கின்றது. தெரியாதவர் குற்றம் காண்பவர்தாம்!

சுருதி சேராத குழலைத் தள்ளுங்கள், அது நியாயம். நாதம் சுத்தமாயிருக்கும்போது தழும்பைக் காட்டி விலையைக் குறைப்பது பரிசோதனையா, பேரமா? பெயரை எப்படியாவது சொல்லிக் கொள்ளுங்கள். செய்தவருடைய கூலியை மட்டும் குறைக்காதீர்கள் என்கின்றோம்.