சிக்னல் ஃபுல்... நெட் நில்! உங்கள் டாங்கிளில் கோளாறு எங்கே?

டி.என்.பி.எஸ்.சி விண்ணப்பத்துக்கு இன்றுதான் கடைசி நாள். இரவு 11.59 வரை நேரம் இருக்கிறது. போட்டோ, கையெழுத்து எல்லாம் ஏற்றியாகிவிட்டது. கட்டணம் செலுத்தும் பக்கத்துக்குப் போனதும் வட்டம் சுற்ற ஆரம்பிக்கிறது. சுற்றிக்கொண்டே இருக்கிறது. டாங்கிளில் விளக்கு எரிகிறது, சிக்னல் கோடுகளும் முழுதாக நிற்கின்றன. நெட் மட்டும் இல்லை!

ஃபைபர் இணைப்பு எட்டாத தெருக்களிலும், பிராட்பேண்டுக்கென்று தனியாக மாதாமாதம் பணம் கட்ட முடியாத வீடுகளிலும், கம்ப்யூட்டருக்கு நெட் கொடுப்பது இந்த விரல் நீள டாங்கிள்தான். அது மக்கர் செய்தால் கழற்றிக் கழற்றி மாட்டுவோம். அதுவும் பலிக்காவிட்டால், 'இது அவ்வளவுதான்' என்று புதிதாக ஒன்று வாங்கிவிடுவோம். புதியதும் இரண்டே நாளில் அதே வேலையைக் காட்டும். ஏனென்றால், கோளாறு டாங்கிளில் இல்லாமலே இருக்கலாம்.

டவர், சிம், டாங்கிள், யு.எஸ்.பி போர்ட், கம்ப்யூட்டர்... இந்த ஐந்தில் ஏதோ ஒன்றுதான் சிக்கல். எது என்று கண்டுபிடிக்க ஒரே விதிதான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால், நெட் வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது.

முதலில் சிம்மை போனில் போடுங்கள்

டாங்கிளில் இருக்கும் சிம்மை எடுத்து, அதே அறையில், அதே நேரத்தில் உங்கள் போனில் போட்டுப் பாருங்கள். வைஃபையை அணைத்துவிடுங்கள். போனிலும் நெட் இழுத்தால், டாங்கிள் மேல் தப்பில்லை. சிக்கல் டேட்டாவிலோ டவரிலோ இருக்கிறது.

டேட்டா பேலன்ஸை முதலில் பாருங்கள். தினம் 1.5 ஜிபி, 2 ஜிபி என்று வரும் பிளான்கள் பலவற்றில், அன்றைய அளவு தீர்ந்ததும் நெட் நிற்காது. வேகம் 64 கேபிபிஎஸ் அளவுக்கு இறங்கிவிடும். இணைப்பு இருப்பதுபோலவே தெரியும், எந்தப் பக்கமும் திறக்காது. நீங்கள் எதுவும் டவுன்லோடு செய்யாவிட்டாலும், விண்டோஸ் அப்டேட் பின்னால் ஓடி டேட்டாவைக் காலி செய்திருக்கலாம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், டாங்கிள் இணைப்புக்கு 'மீட்டர்ட் கனெக்‌ஷன்' என்பதை ஆன் செய்யுங்கள். பெரும்பாலான அப்டேட்கள் காத்திருக்கும்.

காலையில் பறக்கும் நெட், இரவு 8 மணிக்கு மேல் தவழ்கிறதா? அது டவரில் கூட்டம். சிக்னல் கோடுகள் டவர் எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்பதைத்தான் காட்டும். அந்த டவரை எத்தனை பேர் பங்கு போடுகிறார்கள் என்று காட்டாது.

போனில் ஓடுகிறது, கம்ப்யூட்டரில் இல்லையா?

சிம் நல்ல சிம் என்று உறுதியாகிவிட்டது. இப்போது டாங்கிளை வேறொரு கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்கள். அங்கேயும் அடம்பிடித்தால் டாங்கிள்தான் குற்றவாளி. ஆனால், குப்பையில் போடுவதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, நானோ சிம்மை அடாப்டரில் வைத்து டாங்கிளில் போட்டிருந்தால் அது லேசாக நகர்ந்திருக்கலாம். தட்டினால் வரும், அசைந்தால் போகும் நெட்டுக்கு இது அடிக்கடி காரணம். இரண்டு, டாங்கிள் மேல் 3.6, 7.2, 21.6 என்று எம்பிபிஎஸ் அளவு போட்டிருந்தால் அது 3ஜி காலத்து சாதனம். ஜியோ 2016-ல் தொடங்கியபோதே 3ஜி இல்லை. ஏர்டெல்லும் 3ஜியை மூடிவிட்டது. அதற்கு எந்த வைத்தியமும் பலிக்காது. புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டும்.

போர்ட்டை மாற்றுங்கள்

வேறு கம்ப்யூட்டரில் ஒழுங்காக ஓடினால், உங்கள் கம்ப்யூட்டரின் போர்ட்டைக் கவனியுங்கள். யு.எஸ்.பி 2.0 போர்ட் தரக்கூடியது 500 மில்லிஆம்ப் மின்சாரம். சிக்னல் குறைவான இடத்தில் டவரை எட்டிப்பிடிக்க டாங்கிள் அதிக மின்சாரம் இழுக்கும். சி.பி.யு பெட்டியின் முன்பக்கப் போர்ட், உள்ளே ஒரு ஒயர் வழியாகத்தான் மதர்போர்டுக்குப் போகிறது. பின்பக்கப் போர்ட் மதர்போர்டிலேயே இருக்கிறது. அதனால் டாங்கிளைப் பின்பக்கம் மாற்றுங்கள். பிரின்டர், பென்டிரைவ் எல்லாம் சேர்ந்து தொங்கும் ஹப் வேண்டாம்.

பக்கத்துப் போர்ட்டில் யு.எஸ்.பி 3.0 ஹார்டுடிஸ்க் இருக்கிறதா? யு.எஸ்.பி 3.0 சாதனங்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும் என்று இன்டெல் நிறுவனமே 2012-ல் விளக்கியிருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே 2,300 மெகாஹெர்ட்ஸில் நம் ஊர் 4ஜியும் ஓடுகிறது. ஹார்டுடிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் யு.எஸ்.பி எக்ஸ்டென்ஷன் ஒயர் ஒன்று வாங்கி, டாங்கிளை ஜன்னலோரம் வையுங்கள். சிக்னல் கூடும், இரைச்சல் விலகும், டாங்கிள் சூடாவதும் குறையும்.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கட் ஆகிறதா?

கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் இணைப்பு அறுந்துபோவது, விண்டோஸ் மின்சாரம் மிச்சம் பிடிப்பதால் இருக்கலாம். டிவைஸ் மேனேஜரில் 'யுனிவர்சல் சீரியல் பஸ் கன்ட்ரோலர்ஸ்' பட்டியலைத் திறங்கள். அதில் 'யு.எஸ்.பி ரூட் ஹப்'பை இரட்டை கிளிக் செய்து 'பவர் மேனேஜ்மென்ட்' பகுதிக்குப் போங்கள். மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்று அனுமதி தரும் டிக் ஒன்று இருக்கும். அதை எடுத்துவிடுங்கள்.

டவர்தான் காரணம் என்றால்...

பல ஆண்ட்ராய்டு போன்களில் 'அபவுட் போன்' பகுதியில் சிம் ஸ்டேட்டஸைத் திறந்தால் சிக்னல் அளவு டிபிஎம் கணக்கில் தெரியும். 4ஜியில் மைனஸ் 90-க்குள் இருந்தால் நல்லது. மைனஸ் 110-ஐத் தாண்டினால் மிக மோசம். வீட்டின் ஒவ்வொரு மூலையிலும் போனை வைத்து, எந்த இடத்தில் அளவு நன்றாக இருக்கிறது என்று பார்த்து, டாங்கிளை அங்கே கொண்டுபோங்கள்.

எங்கே வைத்தாலும் மோசம்தானா? 198-க்கு அழைத்துப் புகார் கொடுங்கள், கட்டணம் இல்லை. புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 'நெட் வரலைங்க' என்று மட்டும் சொல்லாமல், தேதி, நேரம், டிபிஎம் அளவு, போனிலும் சோதித்த விவரம் எல்லாம் சொல்லுங்கள். 'ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க' என்பதோடு பேச்சு முடிந்துபோகாது. பதில் திருப்தியாக இல்லாவிட்டால், அந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்புக்குப் போக அந்த எண்தான் ஆதாரம்.

சரி, விண்ணப்பம் பாதியில் நிற்கிறதே, இவ்வளவையும் சோதிக்க நேரம் ஏது? போனை சார்ஜர் ஒயரால் கம்ப்யூட்டரில் இணைத்து, ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸில் 'யு.எஸ்.பி டெதரிங்' ஆன் செய்யுங்கள். போனே டாங்கிள் ஆகிவிடும். சில ஒயர்கள் சார்ஜ் மட்டும்தான் ஏற்றும், டேட்டாவைக் கடத்தாது. உங்கள் ஒயர் எந்த ரகம் என்பதை இன்று சாவகாசமாக இருக்கும்போதே ஒருமுறை இணைத்துப் பார்த்துவிடுங்கள். இரவு 11.50-க்கு அது தெரியவந்தால் கடையும் திறந்திருக்காது!