புத்தகத்தில் இல்லாத வீச்சு

கோல்ஃப் பயிற்சித் திடலில் இன்று கைப்பேசியும் ஒரு கற்பித்தல் கருவி. மாணவர் மட்டையை வீசியதும் பயிற்றுநர் காணொளியை நிறுத்தி, தோள் எங்கே, முழங்கை எங்கே என்று கோடு போட்டுக் காட்டுகிறார். பந்து எங்கே போய் விழுந்தது என்பது சில வேளைகளில் இரண்டாவது கேள்வியாகிவிடுகிறது. இளம் ஆட்டக்காரர்களுக்கு இது நன்மை தருமா?

அமெரிக்க ஆட்டக்காரர் ஜிம் ஃபியூரிக்கின் வீச்சை எந்தப் பயிற்சி நூலும் மாதிரியாகக் காட்டாது. அவர் மட்டையை உடலைவிட்டு விலக்கிச் செங்குத்தாக உயர்த்துவார். பிறகு உச்சியில் ஒரு வளையம் போட்டு, உடலை ஒட்டிய வேறொரு பாதையில் கீழே இறக்குவார். தொலைக்காட்சி வருணனையாளர்கள் அதைக் கேலி செய்ததுண்டு. ஆனால், அவருக்குப் பயிற்சியளித்த அவருடைய தந்தை அதை மாற்ற முற்படவில்லை. ஃபியூரிக் 2003இல் அமெரிக்கப் பொது விருதை வென்றார். 2016இல், தம் 46ஆம் வயதில், ஒரு போட்டியின் இறுதிச் சுற்றில் 18 குழிகளையும் 58 அடிகளில் முடித்தார். பிஜிஏ டூர் போட்டிகளில் அதற்குமுன் எவரும் அதைச் சாதித்ததில்லை.

இதில் மாயம் ஏதுமில்லை. மட்டை பந்தைத் தொட்டிருக்கும் நேரம் ஒரு விநாடியில் ஏறத்தாழ 2,000இல் ஒரு பங்குதான். அந்தக் கணத்தில் மட்டையின் முகம் எந்தத் திசையை நோக்குகிறது, மட்டை எந்தப் பாதையில், எவ்வளவு வேகத்தில் வருகிறது, அதன் எந்தப் பகுதி பந்தில் படுகிறது என்பவையே பந்தின் போக்கை முடிவுசெய்கின்றன. மேலே எப்படிச் சுற்றினாலும், ஃபியூரிக்கின் மட்டை கீழே சரியாக வந்து சேர்ந்தது. அதுவும் மீண்டும் மீண்டும் அப்படியே.

பாடமுறையை வலியுறுத்துவோர் பக்கமும் நியாயம் உண்டு. இருபது பேருக்கு ஒன்றாகக் கற்பிக்கும் பயிற்றுநருக்குப் பொதுமுறை ஒன்று தேவை. முதுகையோ மணிக்கட்டையோ வருத்தும் வீச்சைத் திருத்தத்தான் வேண்டும். காணொளியைப் பார்த்து ஃபியூரிக்கைப் போல வளையம் போடும் சிறுவனையும் தடுக்கலாம். அது அவனுடைய வீச்சு அன்று. அவனுக்கு அதுவும் இன்னொரு புத்தகமே.

தன் உடல்வாகுக்கு ஏற்ப வீசிப் பந்தை நேராக அனுப்பும் பிள்ளையின் நிலை வேறு. அசைவுக்கு அசைவு திருத்தப்பட்டால், அந்தப் பிள்ளை பந்தை மறந்து முழங்கையையே நினைத்துக்கொண்டிருக்கும். ஆட்டத்தில் இருந்த ஆசையும் மெல்லக் குறையும். பயிற்றுநர் முதலில் பத்துப் பந்துகளை அடிக்கவிட்டு, அவை விழும் இடத்தைப் பார்க்க வேண்டும். திருத்த வேண்டுமா என்பதை அதன் பிறகு முடிவுசெய்யலாம்.

ஸ்காட்டி ஷெஃப்லருக்குச் சிறுவயது முதல் கற்பித்த ராண்டி ஸ்மித் அத்தகைய பொறுமை உடையவர். பந்தை அடிக்கும்போது ஷெஃப்லரின் வலக்கால் பின்னோக்கி வழுக்கிச் செல்லும். பார்ப்பவருக்கு, அவர் சறுக்கி விழப்போவதுபோல் தோன்றும். அந்தக் காலசைவோடுதான் அவர் 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் மாஸ்டர்ஸ் விருதை வென்றார். அதே ஷெஃப்லர், பயிற்சியின்போது விரல்கள் பதிய வேண்டிய இடம் அச்சாக வார்க்கப்பட்ட மட்டை ஒன்றை எடுத்துத் தம் பிடியைச் சரிபார்த்துக்கொள்வார். தொடக்கநிலை மாணவர்களுக்கு ஏற்ற அந்த மட்டையை, உலகின் முதல்நிலை ஆட்டக்காரரான பிறகும் அவர் கைவிடவில்லை.