காற்றைக் குடித்து ஓடும் விண்கலம்!

200 கிலோ மீட்டர் உயரத்தில் காற்று உண்டா?

உண்டு! மிக மிக மெல்லிய காற்று. மூச்சு விட உதவாது. ஆனால், செயற்கைக்கோளின் வேகத்தைக் குறைத்து, கீழே இறக்கிவிட அது போதும்.

ஐரோப்பியர்கள் 2009-ம் ஆண்டில் "கோசே" என்ற செயற்கைக்கோளை அனுப்பினார்கள். சுமார் 255 கிலோ மீட்டர் உயரத்தில் அது பறந்தது. காற்றைச் சமாளிக்க அதில் மின்சார எஞ்சின் இருந்தது. 40 கிலோ செனான் வாயுதான் அதற்குத் தீனி. 2013 அக்டோபரில் தீனி தீர்ந்தது. அடுத்த மாதமே அது விழுந்தது!

தடுக்கிற காற்றையே தீனியாக்கினால் என்ன?

இதுதான் புதிய யோசனை. கலத்தின் முன்னால் ஒரு வாய். அதில் புகும் காற்றுக்கு மின்னேற்றம் கொடுத்து, பின்னால் வேகமாகத் தள்ள வேண்டும். கலம் முன்னே போகும். மின்சாரத்தைச் சூரியன் தருவான். 2018-ல் இத்தாலியில் இப்படி ஓர் எஞ்சினைத் தரையில் ஓட்டிப் பார்த்துவிட்டார்கள்.

சிக்கல் வாயில்தான்

கலம் வினாடிக்கு 7 கிலோ மீட்டருக்கு மேல் பாய்கிறது. காற்று அணுக்கள் ஆலங்கட்டி போல வந்து மோதித் தெறிக்கும். அவற்றைப் பிடிக்க, தேன்கூடு போல் ஒடுங்கிய குழாய்களை வைக்கிறார்கள். நேராக வரும் அணு நுழைந்துவிடும். உள்ளே மோதித் திசை மாறிய அணு எளிதில் வெளியேறாது. மீன் பிடிக்கும் பறி மாதிரி!

வாயைப் பெரிதாக்கினால் காற்று அதிகம் சேரும். தடையும் அதிகமாகும். பெருமாநல்லூர் பனியன் தொழிலாளிக்கு இது புரியும். நூலின் இழுப்பு கூடினால் அறும், குறைந்தால் தொய்யும். அளவு தெரிய வேண்டும்.

நமக்கு என்ன லாபம்?

பாதி உயரத்தில் பறந்தால், அதே கேமரா இரண்டு மடங்கு தெளிவாகப் பார்க்கும். சாயக் கழிவால் நொய்யல் பட்ட பாடு நமக்குத் தெரியும். 2011-ல் சாய ஆலைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றமே உத்தரவிட நேர்ந்தது. ஆற்றைக் காக்க வானத்தில் ஒரு கண் இருந்தால் நல்லதுதானே? ஆயுள் முடிந்த கலமும் குப்பையாக வானில் தங்காது. தானே விழுந்து எரியும்.

பெங்களூரின் பெல்லாட்ரிக்ஸ் நிறுவனம், 200 கிலோ மீட்டர் உயரத்தில் பறக்கும் கலம் செய்யப்போவதாக 2024-ல் அறிவித்தது. அதன் நிறுவனர்களில் ஒருவரான ரோகன் கணபதி, நம் கோவையில் பொறியியல் படித்தவர்.

ஆகவே, "இது நமக்கு எட்டாத வேலை" என்று ஒதுங்க வேண்டாம். எந்திரத்தோடு பழகிய கைகள் இங்கே ஏராளம். இந்த வட்டாரக் கல்லூரிகளுக்குச் சோதனைக் கூடம் அமைத்துக் கொடுங்கள். பனியன் பின்னும் ஊரின் பிள்ளைகள், விண்கலத்துக்கு வாயும் அமைப்பார்கள்!